பேச்சியம்மாவுக்கு நான் எழுதிய பதினொரு பாராட்டுகள்

என் கதிரையில் வந்து உட்காரப்போகும் இரண்டு தங்கைமாருக்கும் எழுதுவது. நீங்கள் இருவரும் கொன்வென்டில் இங்கிலீஸ் படித்துப் பரிசுப் புத்தகங்கள் வாங்கி வந்தவர்கள் என்று நம் முதலாளி நோனா சொன்னார். கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நானும் அப்படி வந்தவள்தான்.

அடுத்த மாதம் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருக்கிறது. ஆறு வருஷம் பார்த்த வேலையை விட்டுப் போகிறேன். "போவதற்கு முன் அந்தப் பிள்ளைகளுக்கு வேலையைப் பற்றி ஏதாவது எழுதி வை" என்று நோனா சொல்லியிருக்கிறார். வந்த கடிதத்தை எந்தத் தட்டில் வைப்பது, எந்த நேரத்துத் தபாலுக்குள் பதில் போக வேண்டும் என்பதெல்லாம் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் நான். கையெழுத்து சரியில்லை என்று மூன்று தரம் கிழித்து மூன்று தரம் ஒட்டினேன். அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் பிழை விட்ட இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதக் கொப்பி போதாது. ஒரு சின்னப் பிழை, ஒரு பெரிய பிழை.

நம்முடைய கந்தோர் என்ன செய்கிறது என்று வெளியில் கேட்டால் சரியாகச் சொல்ல யாருக்கும் தெரியாது. கீழே காசிம் நானாவின் தேத்தண்ணிக் கடை, மேலே நாம். கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பங்களாக்களில் இருந்து வெள்ளைக்காரத் துரைசாணிமார் சமையல்காரன் வேண்டும், ஆயா வேண்டும் என்று நோனாவுக்கு எழுதுவார்கள். வேலை தேடுகிறவர்கள் தங்களுடைய பழைய துரைசாணிமார் எழுதிக் கொடுத்த நற்சாட்சிக் கடதாசிகளை எண்ணெய்ச் சீலையில் சுற்றிக்கொண்டு வந்து விறாந்தை வாங்கில் உட்காருவார்கள். அவர்கள் அதைக் 'கரக்டர்' என்பார்கள். நாம் கரக்டரை வாசிக்க வேண்டும், ஆளோடு பேச வேண்டும், பங்களாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆகவே காலையிலிருந்து மாலைவரை உங்கள் கண்ணில் படப்போவது இங்கிலீஸ் பாராட்டுச் சொற்கள்தான்.

என்னைப் போன்ற ஒருத்திக்கு அது பெரிய விருந்தாக இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பாராட்ட மாட்டார்கள். என் அம்மா வாழ்நாளில் என்னைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய நல்ல சொல் "பரவாயில்லை" என்பதுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை, அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னார். பிள்ளையை யாராவது 'கொழுகொழு என்று இருக்கிறாள்' என்றால் நாவூறு பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிற வீடு. அப்படி வளர்ந்த எனக்கு, தினமும் இருபது பேரை 'ஸ்பிளெண்டிட்' என்றும் 'எக்ஸலன்ட்' என்றும் சொல்ல ஒரு சம்பளமும் தருகிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? இங்கிலீஸில் சொன்னால் நாவூறு படாது என்று நினைத்தேன் போலும்.

ஒரு கொப்பி வாங்கினேன். வருகிற கரக்டர்களில் உள்ள பாராட்டுச் சொற்களை எல்லாம் அதில் படிவரிசையாக எழுதினேன். அடிப்படியில் 'ஃபெயர்'. அதற்கு மேல் 'சட்டிஸ்ஃபெக்டரி'. பிறகு 'குட்', 'வெரி குட்'. இப்படி ஏறி ஏறி உச்சியில் 'சுப்பர்ப்' என்று ஒரு சொல். அந்தச் சொல் ஒரே ஒரு தரம்தான் எனக்குக் கிடைத்தது. என் சின்னப் பிழை அதில்தான்.

கடுகண்ணாவையில் இருந்து ஒரு சமையல்காரன் வந்தான். முகம் நிறையச் சிரிப்பு. அவன் கரக்டரில், அவன் சுடுகிற கோழி 'சுப்பர்ப்' என்று ஒரு துரைசாணி எழுதியிருந்தார். அந்தச் சொல்லைக் கண்ட சந்தோஷத்தில் முதலில் கொப்பியில் எழுதினேன், பிறகு பங்களாவுக்குக் கடிதம் எழுதினேன், ஆளை அனுப்பினேன். நாலாம் நாள் ஆள் திரும்பி வந்துவிட்டான். கோழி வெளியே கருகியும் உள்ளே பச்சையாகவும் இருந்ததாம். நோனா அந்தக் கரக்டரை வாங்கிப் பார்த்து, விரலால் மேல் மூலையைத் தொட்டார். கடிதம் எழுதப்பட்ட வருஷம் அங்கே தெளிவாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தியது. வந்தவனுக்கு வயது இருபத்தெட்டு.

"அது எங்க மாமா வாங்குன கரக்டருங்க" என்றான் அவன், கொஞ்சமும் கூச்சப்படாமல். "அவரு போயிட்டாரு. சும்மாதானே கெடந்துச்சு."

ஆகவே தங்கைமாரே, முதலில் திகதியைப் பாருங்கள். பிறகு சொல்லைப் பாருங்கள். நான் சொல்லைப் பார்த்து மயங்கி நின்றவள்.

இனிப் பெரிய பிழை.

நாலைந்து வருஷத்துக்கு முன், தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த காலம். வாங்கில் இடம் இருக்காது. என் மூத்த மகளுக்கு அப்போது எட்டு மாதம். வழக்கமாக என் மாமியார்தான் பார்த்துக்கொள்வார். அந்த மாதம் அவர் தன் மகளின் பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார். என் கணவருக்குக் கடுகண்ணாவை ஸ்டேஷனில் வேலை. விடியற்காலை ரயிலுக்குப் போய்விடுவார். பிள்ளையைக் கந்தோருக்குக் கொண்டுவரலாமா என்று நோனாவிடம் கேட்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. கேட்டபோது அவர் தலை நிமிராமல் "ஓல் ரைட்" என்றார்.

நான் எப்படிப்பட்ட தாய் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. பிள்ளை அசையாமல் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் வைத்ததில் பிள்ளை விழித்து அழும். அழுதால் மூச்சு வருகிறது என்று ஆறுதல் அடைவேன். மாமியார் குளிப்பாட்டும்போது கதவு இடுக்கால் பார்ப்பேன். என் கணவர் தூக்கினால் "தலையைப் பிடியுங்கோ" என்பேன். "எட்டு மாதத்துப் பிள்ளை, தன்ர தலையைத் தானே பிடிக்கும்" என்பார் அவர். அப்படிப்பட்டவள் நான்.

அந்தக் கிழமையில்தான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து பேச்சியம்மா வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது முழங்கால் மடங்காது. மழை நாளில் மலையில் சறுக்கி விழுந்ததாம். புருஷன் இல்லை. ஒன்பது வயதில் ஒரு மகள், அண்ணன் வீட்டில் இருந்தாள்.

"கொழுந்தெடுக்க மல ஏற முடியாதுன்னு பேர வெட்டிட்டாங்கம்மா" என்றாள். "கப்பலுக்குப் போற லிஸ்ட்டுல எங்க ரெண்டு பேரையும் எழுதிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள ஒரு பங்களா வேல கெடைச்சா பேர எடுத்துருவேன்னு கங்காணி சொல்லியிருக்காரு."

"இந்தியாவில் உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்ல. எங்கம்மா சொன்ன ஊர்ப் பேரு ஒண்ணு இருக்கு. அதுவும் பாதிதான் ஞாபகம்."

அவளுடைய கரக்டரை வாங்கிப் பார்த்தேன். இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன ஒரு துரைசாணி எழுதியது. இரண்டே வரி. 'பேச்சி எங்களிடம் நாலு வருஷம் இருந்தாள். எங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த நாலு வருஷமும் அவளோடுதான் இருந்தார்கள்.' அவ்வளவுதான். 'குட்' இல்லை. 'ஃபெயர்' கூட இல்லை. என் கொப்பியின் அடிப்படியில் வைக்கக்கூட ஒரு சொல் இல்லாத கடதாசி. எனக்கு அவள்மேல் அத்தனை இரக்கம் வந்தது.

மூன்று நாள் வாங்கில் இருந்தாள். மூன்றாம் நாள் காலை நோனா கடிதம் சொல்ல என்னை உள்ளே கூப்பிட்டார். அதே நேரம் கூடையில் கிடந்த பிள்ளை விழித்து வீரிட்டது. நோனாவைக் காக்க வைக்கவும் முடியாது, பிள்ளையை அழ விடவும் முடியாது. தூக்கினேன், விறாந்தைக்கு ஓடினேன், பேச்சியம்மாவின் மடியில் வைத்தேன், உள்ளே போனேன். ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நோனாவும் என் பின்னால் வந்தார். "லவ்லி, லவ்லி" என்று பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். நோனா அந்தப் பக்கம் திரும்பியதும் பேச்சியம்மா தன் கண்மையை விரல் நுனியால் தொட்டுப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாள். யாருக்கும் தெரியாத இடத்தில்.

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். மூக்கருகில் விரல் வைக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை. நேரே மேசைக்குப் போய், கம்பளைக்கு அப்பால் உள்ள ஒரு பங்களாவுக்கு, பேச்சியம்மாவைப் பற்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்தத் துரைசாணிக்கு மூன்று வயதில் ஒரு மகள்; காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிள்ளை; ஆயா ஒருத்தி அவசரமாக வேண்டும் என்று எழுதியிருந்தார்.

இரண்டு வரிக் கரக்டரை உள்ளே வைத்து அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் என் கொப்பியைத் திறந்தேன். 'எக்ஸலன்ட்' என்று தொடங்கினேன். அது தனியாக நிற்பதுபோலப் பட்டது. துணைக்கு 'ட்ரஸ்ட்வர்தி' வைத்தேன். 'ஹொனஸ்ட்' இல்லாவிட்டால் சந்தேகம் வரும் என்று அதையும் வைத்தேன். 'சோபர்' என்றேன், அவள் குடிப்பதில்லை என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கோபமே வராத குணம் என்றேன். மிகச் சுத்தம், மிகுந்த பொறுமை, நேரம் தவறாமை, பணிவு, சுறுசுறுப்பு. எண்ணிப் பார்த்தேன், பத்து. பத்து கொஞ்சம் குறைவாகத் தோன்றியது. கடைசியில் 'ஸ்பிளெண்டிட்' என்று ஒன்றைச் சேர்த்தேன். தபாலில் போட்டுவிட்டு வந்து, நல்லது செய்துவிட்டோம் என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். என் வாழ்க்கையில் அது அபூர்வமான இரண்டு நாள்.

வியாழக்கிழமை பதில் வந்தது. அந்தத் துரைசாணி பாராட்டுகளை எண்ணியிருந்தார். 'பதினொன்று' என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு பெண் உலகத்தில் இருந்தால் அவளை யாரும் கைவிட்டிருக்க மாட்டார்கள், அவள் உங்கள் வாங்கில் உட்கார்ந்திருக்கவும் மாட்டாள், உங்கள் கந்தோர் எதை மறைக்கிறது என்று கேட்டிருந்தார். தேவதை எனக்கு வேண்டாம். சாதாரணமான ஓர் ஆள் இருந்தால் சனிக்கிழமை பத்து மணிக்குக் கம்பளை ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள், சாமான் வாங்க அங்கே வருவேன் என்று முடித்திருந்தார்.

நோனா முதல் நாள்தான் நுவரெலியாவுக்குப் போயிருந்தார். மாதம் முடிய ஆறு நாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, காரணம் தெரியாமல் கீழே இறங்கிப் போனேன்.

"என்ன தங்கச்சி, மொகம் வெளிறிக் கெடக்கு?" என்றார் காசிம் நானா. "புள்ளைக்குச் சொகமில்லயா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன பாராட்டுப் போட்டீங்க?"

"பதினொன்று."

"அல்லாவே! ஒரு தேத்தண்ணிக்குப் பதினொரு கரண்டி சீனி போட்டுக் குடுத்தா, குடிக்கிறவன் என்ன கேப்பான்? தேயில பழசா எண்டுதான் கேப்பான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மேலே ஏறி வந்தேன். பேச்சியம்மா வாங்கில் இருந்து எழும்பப் பார்த்தாள். முழங்கால் விடவில்லை.

"கடுதாசி வந்துச்சாம்மா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். பொய் சொல்லியும் பார்த்தேன். "இன்னும்..." என்று தொடங்கி, அவள் என் கையில் இருந்த கடிதத்தையே பார்ப்பதைக் கண்டு நிறுத்திவிட்டேன்.

"மறுத்திட்டா, பேச்சியம்மா. உங்களில பிழை இல்லை. நான் எழுதினது கூடிப்போச்சு."

"அப்படி என்னா எழுதினீங்க?"

பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். இங்கிலீஸில் எவ்வளவு அழகாக இருந்தது! தமிழில் சொல்லச் சொல்ல என் காது சூடாகிக்கொண்டு வந்தது. எட்டாவது சொல்லுக்கு வந்தபோது பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்தாடி! இது யாரும்மா? இந்தப் பொம்பளைய எனக்குக் கொஞ்சம் காட்டுங்க, நான் அவகிட்ட வேலைக்குப் போறேன்."

"சிரிக்காதேங்கோ."

"கோவமே வராதுன்னா எழுதினீங்க? எனக்கு வருமே. நல்லாவே வரும். போன மாசம் கங்காணிய ஏசித்தான் இந்த லிஸ்ட்டுல மொத ஆளா நிக்கிறேன்." சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏம்மா, ஒங்க புள்ளைய என்கிட்ட குடுத்துட்டுப் போனீங்களே, அத எழுதலியா?"

"எதை?"

"அன்னைக்கு. மடியில போட்டுட்டு ஓடுனீங்களே. ஒரு மணி நேரம் திரும்பியே பாக்கல."

தங்கைமாரே, அந்த நிமிஷம் வரைக்கும் நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் எனக்கு வந்தது ஞானம் இல்லை, கிலி. முதலில் வாயில் வந்த கேள்விகள் இவை: அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளை என்ன செய்தாள்? எதையாவது வாயில் வைத்தாளா? விறாந்தைக் கம்பிக்குக் கிட்டப் போனாளா? பேச்சியம்மா பொறுமையாகப் பதில் சொன்னாள்: "அழுதா, என் மூக்குத்தியப் புடிச்சு இழுத்தா, தூங்கிட்டா." பொறுமை என்று நான் எழுதியதாவது சரிதான் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இனி என்ன செய்வது? நம் கந்தோரின் விதியும் அந்த அலுமாரிக் கதவில் இருக்கிறது: பங்களா மறுத்த ஆளை அதே பங்களாவுக்கு மறுபடி அனுப்பக் கூடாது. வாங்கில் நல்ல கரக்டரோடு வேறு இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு மூன்று 'வெரி குட்'. அவளைச் சனிக்கிழமை கம்பளைக்கு அனுப்பினால் எல்லாம் சரி. துரைசாணிக்குச் சாதாரணமான ஆள் கிடைக்கும், நோனாவுக்கு நல்ல பெயர், நான் விட்ட பிழை லாச்சிக்குள்ளேயே கிடக்கும். பேச்சியம்மா மட்டும் பாதிப் பெயர் நினைவுள்ள ஊருக்கு மகளோடு கப்பல் ஏறுவாள். அன்று பகல் முழுக்க யோசித்தேன். மற்ற ஆயாவின் பெயரை உறையில் எழுதினேன். வெட்டினேன். மறுபடி எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை, நாலாவது உறையும் பழுதானபோது, "நாளைக்குக் காலமை ஸ்டேஷனுக்கு வாங்கோ" என்று பேச்சியம்மாவிடம் சொல்லிவிட்டேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். கந்தோரில் உறை முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ரயிலில் நான், பிள்ளை, பேச்சியம்மா. நோனாவின் மேசையில் ஒரு மன்னிப்புக் கடிதம் வைத்துவிட்டு வந்தேன். பேராதனை தாண்டும்போது அதில் ஒரு வசனம் சரியில்லை என்று நினைவுவந்து, கம்பளை வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மா யன்னலால் மகாவலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் விட்டிட்டுப் போகவேணுமே எண்டு பாக்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டு, இப்படியா கேட்பது என்று என்னையே நொந்துகொண்டேன்.

"இல்லம்மா. கால் வலிக்குது. எறங்கறப்ப கொஞ்சம் கை குடுங்க."

துரைசாணி பிளாட்பாரத்தில் நின்றார். உயரமான ஆள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், காய்ச்சலுக்கு வெட்டிய குட்டைத் தலைமயிரோடு, தாயின் கவுனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவள்தான் சாதாரணமான ஆளா?" என்று இங்கிலீஸில் கேட்டார்.

என் கொப்பியில் இருந்த அத்தனை சொற்களும் என்னை விட்டு ஓடிவிட்டன. "ஓம், மேடம்" என்றேன். பிறகு, "இல்லை, மேடம். இவள்தான் அந்தப் பதினொன்று" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். "ஒரு கடதாசி இருக்கிறது, மேடம். அதை நான்தான் அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். பாராட்டுகள் எல்லாம் என்னுடையவை. பாதிக்குமேல் நான் கண்டதில்லை. அவளுக்குக் கோபம் வரும். அவளே சொன்னாள். ஒன்பது வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்." பேசப் பேசக் குழியை ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். பையில் கடதாசியைத் தேடினேன். பால் போத்தல் வந்தது, துவாலை வந்தது, கிலுகிலுப்பை வந்தது. ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் தேடி எடுத்து நீட்டினேன்.

துரைசாணி அந்த இரண்டு வரியை வாசித்தார். மறுபடி வாசித்தார். நான் இரக்கப்பட்ட அந்த இரண்டு வரியில் அவர் பார்வை நகரவே இல்லை.

"நாலு வருஷமா? ஒரே பிள்ளைகளோடா?"

"ஓம், மேடம்."

"நீ என்ன சொல்கிறாய் இவளைப் பற்றி? உன் வாயால், நீ கண்டதை."

"எனக்குப் பிள்ளையை யாரிடமும் கொடுக்கப் பயம், மேடம். என் மாமியாரிடம் பயம், கணவரிடம் பயம். இவளிடம் ஒரு தரம் கொடுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் மறந்துபோனேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

துரைசாணி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். "இப்போது மறுபடி கொடுத்திருக்கிறாய்" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். என் இடுப்பில் பிள்ளை இல்லை. கடதாசியைத் தேட இரண்டு கையும் வேண்டியிருந்தபோது, நான் அறியாமலே கொடுத்துவிட்டிருக்கிறேன். பேச்சியம்மா ஸ்டேஷன் வாங்கில் மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மகள் அவள் மூக்குத்தியை இழுத்துக்கொண்டிருந்தாள். துரைசாணியின் மகள் கவுனை விட்டுவிட்டுக் கிட்ட வந்து, இன்னொரு மூக்குத்தி எங்கே என்று தேடுவதுபோல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகளையும் கூட்டிவரலாம் என்று சொல்" என்றார் துரைசாணி. "ஓல் ரைட்."

என் கொப்பியில் அந்தச் சொல்லுக்குப் படியே கிடையாது.

திங்கட்கிழமை நோனா வந்தார். என் மன்னிப்புக் கடிதத்தை வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை எழுதிய இரண்டாவது மன்னிப்புக் கடிதத்தையும் வாசித்தார். "சனிக்கிழமையை லீவு என்று எழுதிக்கொள்" என்றார். அவ்வளவுதான். என்னை வேலையை விட்டு நிறுத்தப் போகிறாரா என்று ஒரு மாதம் தூக்கம் இல்லாமல் இருந்தேன்.

பேச்சியம்மா இன்னும் அந்தப் பங்களாவில்தான் இருக்கிறாள். மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் அதற்குப் பிறகு எழுதிய கடிதங்களில், ஆள் செய்யக் கண்ட ஒன்றை மட்டும் எழுதினேன். 'வாங்கில் இருந்தபோது மற்றவளின் பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.' 'கோப்பையை உடைத்ததும் தானே வந்து சொன்னான்.' எத்தனையோ தரம் ஓரத்தில் ஒரு 'எக்ஸலன்ட்' வைக்கக் கை துறுதுறுத்தது. கொப்பி இன்னும் லாச்சிக்குள் இருக்கிறது. எரித்துவிடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கையெழுத்து அழகாக இருக்கும்.

போன கிழமை நோனா எனக்கும் ஒரு கரக்டர் எழுதித் தந்தார். உறையைக் கையில் வாங்கும்போது, வெட்கத்தோடு சொல்கிறேன், உச்சிப் படியில் உள்ள சொல்லைத்தான் எதிர்பார்த்தேன். உள்ளே இருந்தது இவ்வளவுதான்: 'இவர் என்னிடம் ஆறு வருஷம் இருந்தார். ஒரு தரம் பெரிய பிழை விட்டார். அதைத் திருத்த ரயில் ஏறிப் போனார். வேறு யாரும் கவனிக்காத பிழைகளுக்காக இவர் எனக்கு எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.'

வீட்டில் என் கணவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அன்றிரவு அவரோடு நான் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா லீவில் வந்திருந்தாள். என் வயிற்றைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, நாவூறு பட்டுவிடுமே. மூத்தவளுக்கு மட்டும் காதுக்குப் பின்னால் ஒரு மைப்புள்ளி வைத்தாள். பிறகு பேச்சியம்மாவுக்கு என் கரக்டரைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்து முழுவதையும் கேட்டாள்.

"இதுல ஆளு தெரியுது" என்றாள். "இது நீங்கதான்."

கடதாசியை மடிக்கத் தொடங்கினேன்.

"பின்பக்கம் ஒண்ணும் எழுதலியாம்மா?"

"இல்லை. பார்த்தேன்."

"பாத்திருப்பீங்கன்னு தெரியும்" என்றாள் பேச்சியம்மா.